மதில் மேல் ஒரு பிடி புளியங்கொட்டை

காகத்துக்கு எந்த நிறம் பூசலாம் என்று கடவுள் இன்னும் முடிவு செய்யாத காலம் அது. அந்தக் காலத்தில் ஓர் ஆற்றங்கரையில் நாணற்கோட்டை என்று ஒரு கோட்டை இருந்தது. கோட்டைக்குள் இளவெயினன் என்று ஓர் அரசன் இருந்தான். அரசனுக்குள் ஒரு கவலை இருந்தது.

கோட்டை சின்னது. அரசனும் ஆள் சின்னவன்தான். கவலைதான் பெரிது. முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, கொஞ்சம் தள்ளி இடம் விடுங்கள். அந்தக் கவலையையும் உட்கார வைத்துவிட்டுக் கதையைத் தொடங்குகிறேன்.

பக்கத்தில் கரம்பை நாடு என்று ஒரு வறண்ட நாடு. அங்கே கிணறு வெட்டினால் பாறை வரும். பாறையை வெட்டினால் அதற்குக் கீழே இன்னொரு பாறை வரும். அந்த நாட்டு அரசன் பெயர் பாலைக்கோன். பெரிய மீசை, பெரிய குரல், பெரிய படை. "ஆற்றங்கரைக் கோட்டை எனக்கு வேண்டும்" என்று படையோடு வந்து நாணற்கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டான். வெளியிலிருந்து ஒரு நெல்மணியைக்கூட உள்ளே போக விடவில்லை.

"கதவைத் திறங்கள். கோட்டை எனக்கு. உள்ளே இருக்கும் ஆண், பெண், பிள்ளை அத்தனை பேரும் என் நாட்டுக்கு வந்து ஆயுசு முழுக்கக் கிணறு வெட்ட வேண்டும்" என்று சொல்லி அனுப்பினான்.

பாறை நாட்டில் ஆயுசு முழுக்கக் கிணறு வெட்டுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நாணற்கோட்டையில் ஒருவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் அவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அப்போது கோடைக்காலம். ஆறு வற்றி, வெறும் மணலாகக் கிடந்தது. பாலைக்கோன் தன் கூடாரங்களை அந்த ஆற்று மணலிலேயே அடித்துவிட்டான். படுக்க மெத்தென்று இருந்தது. கையால் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் வந்தது. வறண்ட நாட்டுக்காரன் அல்லவா? நிறைந்து ஓடும் ஆற்றை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. ஆறு என்றால் இப்படித்தான் மணலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மதில் மேல் நின்று அதைப் பார்த்த கோட்டைக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆடி பிறந்தால் மேற்கு மலையில் மழை பெய்யும். ஆற்றில் புதுத்தண்ணீர் வரும். வந்தால் கூடாரமெல்லாம் தானாகக் கிளம்பும். அதுவரை பிடித்து நின்றால் போதும். இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுதான் ஆயிற்று. பிடித்து நின்றவர்கள் பட்ட பாடு வேறு.

களஞ்சியத்தில் நெல் குறையக் குறைய, இளவெயினனின் முகம் நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் அவன் தெருவில் நடந்து வந்தான். ஆலமரத்தடியில் பெண்கள் ஊஞ்சல் ஆடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அரசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இது சிரிக்கிற நேரமா?" என்று கேட்டான்.

அவன் பின்னாலேயே படைத்தலைவன் சேந்தன் வந்துகொண்டிருந்தான். அரசன் தும்மினால் போர்வை கொண்டு வருகிறவன் இந்தச் சேந்தன். சொன்னதை உடனே செய்வான். சொல்லாததையும் சேர்த்துச் செய்வான். அன்று மாலையே கோட்டைக்குள் இருந்த ஊஞ்சல் கயிறு முழுவதையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். தொட்டில் கயிற்றையும் அவிழ்க்கப் போனான். தாய்மார்கள் விளக்குமாற்றை எடுத்ததும் அதை மட்டும் விட்டுவிட்டான்.

அடுத்து, அரசன் ஒரு வீட்டு வாசலைத் தாண்டும்போது கடுகு வெடிக்கும் மணம் வந்தது. யாரோ கஞ்சிக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். "இது தாளிக்கிற நேரமா?" என்றான் அரசன். அன்றோடு கோட்டைக்குள் தாளிப்பு நின்றது. எல்லாரும் கஞ்சியை வெறும் உப்புப் போட்டு, மருந்து குடிப்பதுபோல் குடித்தார்கள்.

அதற்கும் அடுத்து, கிணற்றடியில் நாலு பேர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்ததை அரசன் பார்த்தான். "இது பேசுகிற நேரமா?" என்றான். மறுநாள் முதல் கிணற்றடியில் ஒரு காவலாளி நின்றான். தண்ணீர் இறைக்கலாம், வாய் திறக்கக் கூடாது.

ஊஞ்சல் போயிற்று. தாளிப்பு போயிற்று. பேச்சும் போயிற்று. எல்லாரும் நாள் முழுக்கக் கவலைப்பட்டால் கோட்டை நிற்கும் என்று அந்த அரசன் நினைத்தான், பாவம். கவலை என்ன மதிலுக்கு முட்டுக்கொடுக்கிற கல்லா?

கேளுங்கள், என்ன நடந்தது என்று.

கிழக்கு மதிலில் ஒரு காவல்காரன். கண் கொட்டாமல் வெறித்து வெறித்துப் பார்த்து அவன் கண்ணே மங்கிவிட்டது. ஒரு விடியற்காலையில், பனிமூட்டத்தில் ஏதோ அசைந்தது. "எதிரி! எதிரி!" என்று கொம்பை ஊதிவிட்டான். கோட்டையே எழுந்து ஓடிவந்தது. கடைசிக் கட்டத்துக்கென்று கொப்பரையில் காய்ச்சிக்கொண்டிருந்த நல்லெண்ணெய் அத்தனையையும் மதிலுக்கு வெளியே கொட்டினார்கள். பனி விலகியது. வண்ணார்துறைக் கழுதை ஒன்று எண்ணெய்க்கு ஒதுங்கி நின்று இவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

வாசல் காவலில் அண்ணன் தம்பி இருவர். ஒரு சிட்டிகை உப்புக்குச் சண்டை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாழ்ப்பாளை அவன் போட்டிருப்பான் என்று இவன் நினைத்தான். இவன் போட்டிருப்பான் என்று அவன் நினைத்தான். கோட்டைக் கதவு விடிந்ததிலிருந்து உச்சிவரை வெறுமனே சாத்திக் கிடந்தது. பாலைக்கோனின் ஆடு ஒன்று வந்து முட்டியிருந்தால்கூடத் திறந்திருக்கும்.

அரசன் கதை என்ன? தூக்கமில்லை. ஒரு நாள் காலையில் உப்பு என்று நினைத்து முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கஞ்சியில் போட்டுக் கலக்கிவிட்டான். நல்லவேளை, பல்லில் மாட்டியது. தொண்டையில் மாட்டியிருந்தால் என் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஊர் சனம் எல்லாம் அரண்மனை வாசலில் வந்து நின்றது.

"கதவைத் திறந்து விட்டுடுங்க சாமி. கிணறு வெட்டியே சாகிறோம். இங்க மூச்சு முட்டுது" என்றார்கள்.

எதிரி முன்னால் அழாத இளவெயினனுக்குத் தன் சனத்தின் முன்னால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாளை சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, யாரும் இல்லாத மேற்கு மதிலுக்கு ஏறிப் போனான்.

அங்கே ஆள் இருந்தது. அரசி அல்லியங்கோதை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் வறுத்த புளியங்கொட்டை. ஒன்றை எடுத்துக் கடக்கென்று கடித்தாள். கீழே எதையோ பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அல்லி, ஊரே செத்துக்கொண்டிருக்கிறது. இது சிரிக்கிற நேரமா?" என்றான் அரசன்.

"இந்த நேரத்தில்தான் அவர் வெளியே வருவார். சத்தம் போடாமல் உட்காருங்கள்" என்றாள் அரசி. ஒரு பிடி புளியங்கொட்டையை அவன் கையில் கொட்டினாள்.

கீழே ஆற்று மணலில் பாலைக்கோனின் பெரிய கூடாரம் தெரிந்தது. அதன் வாசலுக்கு எதிரே, மணலில் ஒரு சின்னப் பள்ளத்தில், ஓர் ஆள்காட்டிப் பறவை முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? சிவந்த மூக்கு, நெட்டைக் கால், அடங்காத வாய். மரத்தில் கூடு கட்டத் தெரியாது. வெறும் தரையில்தான் குடும்பம் நடத்தும். ஆனால் தன் இடத்துக்கு யாராவது வந்தால், வந்தது யானையா அரசனா என்றெல்லாம் பார்க்காது.

கூடாரத் திரை விலகியது. தலையில் மணிமுடி, இடுப்பில் வாள், தடவிவிட்ட மீசையோடு பாலைக்கோன் காற்று வாங்க வெளியே வந்தான். பறவை கத்திக்கொண்டே எழுந்தது. மேலே போனது. வட்டமடித்தது. நேராக அவன் தலையை நோக்கி இறங்கியது. அவன் குனிந்தான். முடி உருண்டது. முடியை எடுக்கப் போனான், மறுபடியும் இறங்கியது. இடுப்பு வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலையைப் பொத்திக்கொண்டு, ஏழூர் நடுங்கும் பாலைக்கோன் தன் கூடாரத்தையே சுற்றிச் சுற்றி ஓடினான். அவனுடைய வீரர்கள் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஈட்டியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

"முதலில் வேலால் விரட்டிப் பார்த்தார், நகரவில்லை. பிறகு முரசடித்துப் பார்த்தார், நகரவில்லை. நேற்று வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார். புகை கூடாரத்துக்குள் போய் அவரே இருமிக்கொண்டு வெளியே வந்தார். அது மட்டும் நகரவே இல்லை" என்றாள் அரசி.

இளவெயினனின் வயிற்றுக்குள் ஏதோ உருண்டு மேலே வந்தது. சிரிப்பு! சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும், மேல்காற்று முகத்தில் படுவதை உணர்ந்தான். அந்தக் காற்று இத்தனை நாளும் வீசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. புளியங்கொட்டை வாயில் ஊறி ருசித்தது.

பசி அப்படியே இருந்தது. பகைவனும் அப்படியே இருந்தான். ஆனாலும் அன்று அரசன் தூங்கினான்.

தூங்கி எழுந்தவன் என்ன செய்தான் தெரியுமா? அரசன் அல்லவா, அளவாகச் செய்யத் தெரியுமா? சேந்தனைக் கூப்பிட்டு, "இன்று முதல் எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று முரசறையச் சொல்" என்றான்.

"சிரிக்காதவர்களுக்கு எத்தனை கசையடி அரசே?" என்று சேந்தன் பணிவாகக் கேட்டான்.

அரசி தலையில் கை வைத்துக்கொண்டாள். "முரசடித்தால் சிரிப்பு வருமா? ஊஞ்சல் கயிற்றைத் திருப்பிக் கொடுங்கள். கிணற்றடிக் காவலாளியை வீட்டுக்கு அனுப்புங்கள். அடுப்படிப் பக்கம் போகாதீர்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்றாள்.

அப்படியே ஆயிற்று. ஆலமரத்தில் ஊஞ்சல் மறுபடியும் ஏறியது. கிணற்றடியில் வாய் திறந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்த பேச்சு அல்லவா, பாதிப் பேர் வந்த வேலையை மறந்து வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போனார்கள். சமையல்கட்டில் ஒளித்து வைத்திருந்த அரைக் கரண்டி எண்ணெய் வெளியே வந்தது. கஞ்சியில் கடுகு வெடித்தது. வாசல் காவல் அண்ணனும் தம்பியும் ஒரு கல் உப்பை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி நக்கிக்கொண்டார்கள்.

மாலை ஆனால் முறை வைத்துக்கொண்டு மேற்கு மதிலுக்கு ஏறினார்கள். ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை. கொஞ்ச நேரம் ஆள்காட்டி வேடிக்கை. பிறகு இறங்கிப் போய் அவரவர் காவலைப் பார்த்தார்கள். கழுதையைப் பார்த்து யாரும் கொம்பு ஊதவில்லை. தாழ்ப்பாளை யாரும் மறக்கவில்லை.

சிரித்தால் வயிறு நிரம்பியதா என்று கேட்பீர்கள். நிரம்பவில்லை. பொய் சொல்ல மாட்டேன். கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டுதான் வந்தது. பிள்ளைகள் இளைத்தார்கள். ஆனால் கதவைத் திறந்துவிடச் சொல்லி யாரும் அரண்மனை வாசலுக்கு வரவில்லை.

இளவெயினன் ஒரு மாலையைக்கூட விடவில்லை. முட்டை பொரிந்து குஞ்சுகள் வந்ததை அவன்தான் முதலில் பார்த்தான். கால் முளைத்த பருத்திக்கொட்டைகள் மணலில் ஓடுவதுபோல் இருந்தது. பறவையைப் பார்க்கப் போனவனுக்குப் பகைவர்களும் பழக்கமாகிவிட்டார்கள். ஒருவனிடம் இருந்தது ஒரே வேட்டி. தினமும் அதைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, காயும்வரை படைக்கொடியைச் சுற்றிக்கொண்டு நிற்பான். இன்னொருவன் தன் ஆட்டிடம் ஊர்க்கதை முழுவதையும் சொல்வான். மற்றொருவன் தன் நாட்டுத் திசையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பான். அவர்களுக்கெல்லாம் அரசனும் அரசியும் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்: கொடிவேட்டியான், ஆட்டுக்குச் சொல்வான், வீட்டு ஞாபகம்.

ஆடி பிறந்தது. புதுத்தண்ணீர் வரவில்லை. எல்லாரும் மேற்கே பார்த்தார்கள். வானம் வெளுத்துக் கிடந்தது. ஆடி பாதி கடந்தது. தண்ணீர் வரவில்லை. களஞ்சியத்தைக் கூட்டிப் பெருக்கினார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு நெல் கிடைத்தது. அதற்குமேல் தேடினால் எலிதான் கிடைக்கும். எலியும் இரண்டு நாள் முன்பே கோட்டையை விட்டுப் போயிருந்தது.

அதைத் தெரிந்துகொண்டவன்போல் பாலைக்கோன் கடைசியாக ஆள் அனுப்பினான். "நாளை உச்சிப்பொழுது. நீங்கள் கதவைத் திறந்தால் கிணறு வெட்டலாம். நான் திறந்தால் கோட்டைக்குள் ஒருவரும் மிஞ்ச மாட்டீர்கள்."

இளவெயினன் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தான். "நாளை உச்சிப்பொழுதில் கதவு திறக்கும் என்று போய்ச் சொல்" என்றான். கோட்டையே அழுதது.

அழுது முடித்துவிட்டு, பெண்கள் அடுப்பை மூட்டினார்கள். "கிணறு வெட்டப் போறதுக்கு முன்னாடி ஒரு வாய் ருசியா சாப்பிட்டுட்டுப் போவோம்" என்றாள் ஒருத்தி. நெல் இல்லாத ஊரில் புளிக்குப் பஞ்சமில்லை. மறுநாள் காலையில் இருந்த அரிசி அத்தனையும் பொங்கி, கடைசிக் கடுகைத் தாளித்து, பெரிய பெரிய பானைகளில் புளிச்சோறு கிளறினார்கள்.

அந்தக் காலையில் அரசன் மேற்கு மதிலுக்குப் புறப்பட்டான். சேந்தன் குறுக்கே வந்து நின்றான். அவன் கண்கள் வீங்கியிருந்தன.

"அரசே, கோட்டை போகப்போகிறது. இது பறவை பார்க்கிற நேரமா?"

"இந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும், சேந்தா. நீயும் வா" என்றான் இளவெயினன்.

அரசி ஏற்கெனவே அங்கே இருந்தாள். மடியில் இருந்த கடைசிப் புளியங்கொட்டைகளை மூவருக்கும் பங்கு வைத்தாள்.

கீழே கூடாரத் திரை விலகியது. கோட்டையை வாங்கிக்கொள்ளப் பட்டு உடுத்திக்கொண்டு பாலைக்கோன் வெளியே வந்தான். வந்ததும் பழக்கத்தில் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக் குனிந்தான்.

ஒன்றும் வரவில்லை.

குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். மெல்ல நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். ஏமாந்ததுபோல் உள்ளே போய்விட்டான்.

"எங்கே நம் ஆள்?" என்று இளவெயினன் தேடினான். கோட்டைப் பக்கத்துக் கரையில் அதைக் கண்டான். மணலை விட்டு, சரிவில் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தது ஆள்காட்டி. நிற்கும். திரும்பிக் கத்தும். குஞ்சுகள் உருண்டு புரண்டு பின்னால் ஏறும். மறுபடியும் ஓடும். மேட்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும்தான் நின்றது.

ஆள்காட்டி குஞ்சோடு மணலை விட்டு மேடேறினால் ஆற்றில் தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம். ஆற்றங்கரைப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான். மதிலெங்கும் காவல்காரர்கள் நின்றார்கள், ஒருவரும் பறவையைப் பார்க்கவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் அன்று கதவின் மேலேயே இருந்தது.

அரசன் மேற்கே திரும்பினான். மலைப்பக்கம் கறுத்திருந்தது. காற்றில் சேற்று வாசம்.

சேந்தன் துள்ளிக் குதித்தான். "பிழைத்தோம் அரசே! தாமதித்து வருகிற தண்ணீர் நடந்து வராது, உருண்டுதான் வரும். ஒருவன் மிஞ்ச மாட்டான். நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்!"

இளவெயினன் கீழே பார்த்தான். கொடிவேட்டியான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். ஆட்டுக்குச் சொல்வான் ஆட்டின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டு ஞாபகம் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இன்று ஊருக்குப் போகலாம் என்ற ஆசையில்.

வாயை மூடிக்கொண்டால் கோட்டை பிழைக்கும். வாயைத் திறந்தால், கரையேறிய பகை வாசலில் வந்து நிற்கலாம். என்ன செய்வான்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

"இத்தனை மாலையும் என்னைச் சிரிக்க வைத்தவர்கள், சேந்தா. இவர்கள் தண்ணீரில் போவதை என்னால் பார்க்க முடியாது. முரசை அடி!" என்றான் அரசன்.

முரசு முழங்கியது. "வெள்ளம் வருகிறது! எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரையேறுங்கள்!" என்று மதிலே கத்தியது.

பாலைக்கோன் வெளியே வந்தான். மேலே பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "மணலிலிருந்து வெள்ளமா? உச்சிப்பொழுதுக்குள் எங்களை ஓட வைக்க இப்படி ஒரு தந்திரமா?" என்றான். ஒருவனும் அசையவில்லை.

அல்லியங்கோதை மதில் மேல் ஏறி நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு உரக்கக் கேட்டாள்:

"பாலைக்கோனே! தினமும் உம் தலையில் வந்து இறங்குமே, அந்தப் பறவை இன்று எங்கே?"

பாலைக்கோனின் சிரிப்பு நின்றது. கை தானாகத் தலைக்குப் போனது. பள்ளத்தைப் பார்த்தான், வெறும் ஓடுதான் கிடந்தது. மேட்டைப் பார்த்தான். பறவை குஞ்சுகளோடு உச்சியில் நின்றுகொண்டிருந்தது. வேலுக்கு நகராத பறவை. முரசுக்கு நகராத பறவை. புகைக்கும் நகராத பறவை. அது நகர்ந்துவிட்டது! அவன் முகம் வெளுத்தது.

"ஓடுங்கடா! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்கடா!" என்று அலறிக்கொண்டு பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக் கரையில் ஏறினான். படை பின்னாலேயே ஏறியது. வாள் போயிற்று, வேல் போயிற்று, வேட்டியும் போயிற்று. எல்லாருக்கும் முன்னால் ஆடு ஏறியது.

கடைசி ஆள் மேட்டில் கால் வைக்கவும், மேற்கே ஒரு சத்தம் கேட்டது. நுரையும் மரமும் சேறுமாக ஆறு வந்தது. ஒவ்வொரு கூடாரமாகத் தூக்கியது. பாலைக்கோனின் நெல்மூட்டைகள், ஆயுதங்கள், வண்டிகள் எல்லாம் அவன் கண்ணெதிரே மிதந்து போயின. கரம்பை நாட்டு வீரர்கள் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் ஆறு முழுவதையும் பார்த்தார்கள். பயத்திலும் ஆச்சரியத்திலும் சிலர் அழுதார்கள்.

உச்சிப்பொழுது ஆயிற்று. கோட்டைக் கதவு திறந்தது. அரசன் சொன்ன சொல் தவறவில்லை.

திறந்த கதவு வழியாகப் புளிச்சோற்றுப் பானைகள் வந்தன. பின்னால் நாணற்கோட்டைச் சனம் வந்தது. ஆண்டுதோறும் புதுத்தண்ணீர் வந்தால் ஆற்றங்கரைக்குச் சோறு கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். இந்த ஆண்டும் அது தப்பவில்லை. விருந்தாளிகள்தான் கொஞ்சம் அதிகம். ஆளுக்கு ஒரு கைப்பிடிதான் வந்தது. கொடியையும் இழந்து இலையைச் சுற்றிக்கொண்டு நின்றவனுக்கு வாசல் காவல் தம்பி தன் மேல்துண்டைக் கொடுத்தான்.

பாலைக்கோன் தலை குனிந்து சாப்பிட்டான். பல்லில் கடுகு கடிபட்டது.

"இத்தனை பஞ்சத்தில் தாளிப்பு வேறா?" என்று கேட்டான். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டான். "ஒன்று சொல்லுங்கள். தினமும் மாலையில் மதில் மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். உள்ளே களஞ்சியம் நிரம்பி வழிகிறது, அதனால்தான் சிரிக்கிறார்கள் என்று என் வீரர்கள் பயந்து பயந்து பாதியாகிவிட்டார்கள். அப்படி எதைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்?"

இளவெயினன் அரசியைப் பார்த்தான். அரசி வானத்தைப் பார்த்தாள்.

"உம்மைத்தான்" என்றான் இளவெயினன்.

பாலைக்கோனின் மீசை முதலில் ஆடியது. பிறகு தோள் ஆடியது. பிறகு அவன் சிரித்தான் பாருங்கள், கையில் இருந்த சோறு சிதறியது! அவன் வீரர்கள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள்.

"அரசே, இது சிரிக்கிற..." என்று பழக்கத்தில் தொடங்கிய சேந்தன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து ஓய்ந்தபோது பாலைக்கோனின் கண் கலங்கியிருந்தது. "தண்ணீருக்காகத்தான் வந்தேன். கேட்டால் கொடுப்பீர்கள் என்று தெரியாது" என்றான். "நீர் கேட்கவே இல்லையே" என்றாள் அரசி. அடுத்த கோடைக்குள் இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து ஆற்றிலிருந்து கரம்பை நாட்டுக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். கிணறு வெட்டும் வேலை ஒருவருக்கும் வரவில்லை. சாயங்காலம் மண்வெட்டியைக் கீழே போட்டதும் எல்லாரும் கரையில் உட்கார்ந்து புளியங்கொட்டை கடித்தார்கள். பாலைக்கோன் மட்டும் உட்காரும் முன் ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொள்வான்.

ஆகவே கதை கேட்டவர்களே, துன்பமெல்லாம் தீரட்டும் பிறகு சிரிக்கலாம் என்று தள்ளிப்போடாமல், துன்பத்துக்கு நடுவிலேயே ஒரு சின்னச் சந்தோஷத்துக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பவரே அந்தத் துன்பத்தைத் தாண்டிக் கரையேறுவார்.